ஒரே குட்டையில் மூன்று மீன்கொத்திகள்

தம்பி,

இதைப் போனில் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு தடவை தொடங்கியபோது நீ குறுக்கே பேசினாய். அடுத்த தடவை பாப்பா உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "தாத்தா, மீன்கொத்தி காட்டு" என்றாள். அப்படிக் கேட்ட பிறகு எந்தத் தாத்தாவுக்குப் பேச்சு வரும்? "வா கண்ணு, வந்ததும் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்ததும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது. படித்து முடித்த பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். ஆனால் முடிக்கும்வரை, வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று அங்கே யாரிடமும் வாய் திறக்காதே.

நீ வியட்நாமுக்குப் போனதிலிருந்து ஆம்பூரைப் பற்றி நீ முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஆத்துல தண்ணி வந்துச்சாப்பா?" அங்கே ஷூ கம்பெனி ஜன்னலுக்கு வெளியே கரை தளும்ப ஒரு ஆறு ஓடுகிறது என்று நீயே படம் அனுப்பியிருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டே இங்கே மணல்கூட மிச்சமில்லாத பாலாற்றை விசாரிப்பாய். நானும் "எங்கடா வருது" என்று சொல்லிப் பழகிப்போனேன். போன மழைக்காலத்தில் வந்தேவிட்டது. பாலத்தின் மேல் ஊரே நின்றது. தேங்காய் உடைத்தவர்கள், துவா செய்தவர்கள், நம் சபையிலிருந்து போய் ஜெபம் பண்ணியவர்கள், செல்பி எடுத்தவர்கள், எல்லாரும் ஒரே கைப்பிடிச் சுவரில் இடித்துக்கொண்டு நின்றோம். உன் அம்மா மட்டும் "இத்தினி நாளு எங்க போயிருந்த நீ?" என்று ஆற்றைப் பார்த்துத் திட்டினாள். வெளியூர் போய்ச் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிவந்த பிள்ளையைத் திட்டுகிற மாதிரி. அவள் யாரை நினைத்துத் திட்டினாள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

தண்ணீர் சில வாரங்களில் வடிந்துவிட்டது. ஆனால் ஆற்றோரம் இருக்கும் நம் காலி மனைக்குப் பின்னால், மணல் அள்ளிப் பள்ளமாக்கிய இடத்தில், ஒரு குட்டை தங்கியது. ஏரிகள் நிரம்பி வழிந்ததில் அடித்துக்கொண்டு வந்த ஜிலேபி மீன்கள் அதில் பெருகின. கரையில் நாணல் முளைத்தது. நான் காலையில் நடக்கப் போகும்போதெல்லாம் அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். ரிட்டயர் ஆனவனுக்கு நிற்பதற்கு ஒரு இடம் வேண்டும் இல்லையா?

எனக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நீதான். பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த பறவைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீ அலைந்த அலைச்சல் கொஞ்சமா நஞ்சமா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், சட்டையைக்கூட மாற்றவிடாமல் என்னை இழுத்துக்கொண்டு போவாய். வாரம் முழுக்க கம்பெனியில் செக்கராக ஷூவில் குறை பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணுக்கு, குறையே இல்லாத ஒன்றைப் பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது. மீன்கொத்தி என்றால் மீன்கொத்தி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இல்லப்பா, நம்ம பக்கத்துல மூணு வகை இருக்குது என்று நீதான் பிரித்துச் சொன்னாய். கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும் வெண்மார்பு மீன்கொத்தி. வாய்க்கால் பக்கம் தாழ்ந்த குச்சியில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், குருவி அளவே உள்ள சிறு மீன்கொத்தி. பெரிய தண்ணீர் இருந்தால் மட்டும் வருகிற கருப்பு வெள்ளை மீன்கொத்தி. அதை நான் "டூ டோன் ஷூ" என்று சொன்னேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

கருப்பு வெள்ளையைப் பார்க்க உன்னை டிவிஎஸ்ஸில் உட்காரவைத்து வாலாஜாபேட்டை அணைக்கட்டுவரை ஓட்டினேன். அது அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நிற்கும், பிறகு கல்லைப் போட்டதுபோல் தலைகீழாகத் தண்ணீருக்குள் விழும். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தாய். திரும்பி வரும் வழியில், "மூணும் ஒரே எடத்துல வராதாப்பா?" என்று கேட்டாய். ஒண்ணுக்குப் பெரிய தண்ணி, ஒண்ணுக்குச் சின்னத் தண்ணி, ஒண்ணுக்கு எதுனாலும் சரி, எப்படி வரும் என்றேன். "வந்தா நம்ம ஊரு நல்லா இருக்குதுன்னு அர்த்தம்" என்றாய். சின்னப் பையன் சொன்ன பேச்சு. அதை நீ மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

இந்தப் பங்குனியில், யாரும் எதிர்பாராத ஒரு மழை பெய்ததே, அதற்கு மறுநாள் காலை. என்னோடு எப்போதும் நடக்க வரும் ரஹீம் பாய் அன்றைக்கு மூட்டுவலி என்று வரவில்லை. நான் தனியாகப் போனேன். குட்டையில் நாணல் குச்சியில் சிறு மீன்கொத்தி இருந்தது. அதுவே எனக்குச் சந்தோஷம். மேலே கம்பியில் வெண்மார்பு வந்து உட்கார்ந்தது. சரி, ஜோடி சேர்ந்துவிட்டது என்று போனை எடுத்தேன். அப்போது தண்ணீருக்கு மேலே கருப்பு வெள்ளை ஒன்று வந்து சிறகடித்தது. தம்பி, நான் வாய்விட்டு உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஆடு மேய்க்கும் ஒரு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த வீடியோவை எடுத்தேன். மூன்றும் மாறி மாறி மீன் பிடித்தன. ஒன்றோடு ஒன்று சண்டை போடவில்லை. அவ்வளவு மீன் இருந்தது. அங்கேயே நின்றபடி உனக்கு அனுப்பிவிட்டேன். "மூணும் வந்துடுச்சிடா" என்று கீழே எழுதினேன்.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். உன் குரலை அப்படிக் கேட்டு எத்தனை நாளாகிறது! "போதும்ப்பா, நான் வந்துடறேன். ஆம்பூர்லயே ஒரு கம்பெனில வரச் சொல்றாங்க. அந்த மனைல வீடு கட்டலாம். பாப்பா மீன்கொத்தி பாத்துக்கினே வளரட்டும்" என்றாய். உன் அம்மா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைப்பதற்குள் அழுதுவிட்டாள். மறுநாள் விடிவதற்குள் உன் அறையைக் கழுவிவிட்டுவிட்டாள். தெருவில் பால் ஊற்றுகிறவரிடம்கூட "புள்ள வரப்போறான்" என்று சொல்லியாகிவிட்டது.

அன்று காலை ரஹீம் பாயை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். என் பெருமையை யாரிடமாவது காட்ட வேண்டுமே. பாதி வழியிலேயே பாய் நின்று மூக்கைச் சுளித்தார். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலேயே வயசைக் கழித்த மனிதர், எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. கரைக்குப் போனோம். குட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மீன்கள். ஓரத்தில் நுரை. சிலதுக்கு இன்னும் உயிர் இருந்தது, வாயை மேலே நீட்டித் திறந்து திறந்து மூடின.

"மழை பேஞ்ச ராத்திரி ஷாப்புக் கழிவுத் தண்ணியத் தொறந்து வுட்டுட்டானுங்க சார்" என்றார் பாய். "மழைத் தண்ணியோட போய்டும், யாருக்கும் தெரியாதுன்னு. இன்னா புதுசா இது? நமுக்குத் தெரியாததா?"

"நேத்து பறவைங்கல்லாம் வந்துச்சு பாய். மூணு மீன்கொத்தி" என்றேன். என் குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

"வராம? மீனுங்க மூச்சு முட்டி மேல வந்தா, சும்மா அள்ளித் தின்னலாமே. கூப்ட்டு வெச்ச விருந்து மாதிரி."

அங்கேயே அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீயும் ஒரு தடவை போட்டுப் பார். கருப்பு வெள்ளை ஒரு தடவைகூடத் தலைகீழாக விழவில்லை. அணைக்கட்டில் நாம் பார்த்தோமே, கல்லைப் போட்டதுபோல், அந்த விழுதல் இதில் எங்கேயும் இல்லை. சும்மா தாழ்ந்து வந்து, கடையில் பொருள் எடுப்பதுபோல் தண்ணீர் மேலிருந்தே எடுத்துக்கொண்டு போகிறது. சிறு மீன்கொத்தி குச்சியைவிட்டு இறங்கியதும் திரும்பியதும் ஒரே மூச்சில் நடக்கிறது. எவ்வளவு மீன், எவ்வளவு மீன் என்று பின்னால் என் குரல் வேறு. மீன் செத்துக்கொண்டிருப்பதைத்தான் நான் அப்படிச் சந்தோஷமாகப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். நீயும் அதைச் சந்தோஷமாகப் பார்த்திருக்கிறாய்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு, உங்கள் கம்பெனியிலும் இருக்கும். அடிப்பாகம் ஒட்டிய ஷூவை அன்றைக்கே பாஸ் பண்ணக் கூடாது. லைனிலிருந்து இறங்கும்போது பளபளவென்று எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஒரு ராத்திரி அப்படியே வைத்துவிட்டு, காலையில் எடுத்துக் கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். பசை பிடிக்காதது அப்போதுதான் வாயைத் திறக்கும். புதுசாக வருகிற செக்கர் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். அப்படிப்பட்ட நான், மழைக்கு மறுநாள் குட்டையில் பார்த்த ஒன்றை அந்த நிமிஷமே பாஸ் பண்ணி, கடல் தாண்டி அனுப்பிவிட்டேன். இந்த ஊரில் மழை பெய்த ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறவன் நான். அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவன். ஆசை வந்துவிட்டால் தெரிந்தது எதுவும் கைகொடுக்காது. உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊருக்குத் திரும்புகிற முடிவையும் ஒரு ராத்திரி வைத்துவிட்டு வளைத்துப் பார்.

யார் திறந்துவிட்டார்கள் என்று கேட்பாய். தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். நான் இரண்டு ஆபீஸில் போய்ச் சொன்னேன். ஒருவர் வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார், நல்ல மனிதர்தான், என்னிடம் மரியாதையாகவே பேசினார். இவ்வளவுதான் நடக்கும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. யாரையும் கை நீட்டிக் குற்றம் சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை. அந்தத் தோலில்தான் நம் வீட்டு அடுப்பு எரிந்தது. உன் படிப்பு அதில்தான். பாய் வீட்டுப் பெண்களின் கல்யாணம் அதில்தான். இந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் காலையில் டிபன் பாக்ஸோடு ஒரு பெண் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாள். அது நின்றுபோனால் இந்த ஊர் சாப்பிடாது. அது ஓடினால் இந்த ஆறு இருக்காது. இதற்கு நடுவில் எனக்கு வழி ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததுபோல் உனக்கு நம்பிக்கை வார்த்தை எழுதவும் மனசு வரவில்லை.

செத்த மீனைப் பற்றி உன் அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"சொல்லாத. மொதல்ல வரட்டும். வந்தப்பறம் பாத்துக்கலாம். நாம இங்க இல்லியா? பூமில எங்கதான் எல்லாம் சுத்தமா இருக்குது?"

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வியை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். நீ வந்து இறங்கிவிட்டால் பிறகு என்ன செய்வாய், இருந்துதான் ஆக வேண்டும். பாப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். உன் அம்மாவின் மூட்டில் எண்ணெய் தேய்க்க இன்னொரு கை கிடைக்கும். எனக்குப் பயமும் இருக்கிறது, தம்பி. எங்கள் இருவரில் ஒருவர் முதலில் போய்விட்டால் மற்றவர் இந்த வீட்டில் தனியாக என்ன செய்வது என்ற பயம். அதை நினைத்துத்தான் போனில் இரண்டு தடவையும் என் வாய் அடைத்துக்கொண்டது. பாப்பா போனைப் பிடுங்கியது ஒரு சாக்கு.

ஆனால் போன தடவை நீங்கள் வந்திருந்தபோது நடந்த ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியும். யார் வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் டம்ளரை நீட்டும்போதே "கேன் தண்ணிதான், குடிங்க" என்று சொல்லிவிடுவோம். சொல்லாவிட்டால் வந்தவர் டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். வேறு ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நமக்கு அது மரியாதை. வீட்டு ஆட்களிடம் மட்டும் யாரும் அதைச் சொல்வதில்லை. அன்றைக்குப் பாப்பா கொல்லைப்பக்கம் போர் குழாயைத் திருகி, இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கப் போனாள். உன் அம்மா கத்திய கத்தலில் குழந்தை மிரண்டு அழுதது. நீ ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாய். உள்ளே கூட்டிவந்து உன் அம்மா டம்ளரில் தண்ணீர் ஊற்றி உன்னிடம் நீட்டி, "கேன் தண்ணிதாண்டா, குடு" என்றாள். நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன். பெற்ற பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

கழிவு இறங்கிய அந்தக் குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது. காபி போட்டால் பால் திரிந்துவிடும். கொல்லையில் நீ நட்ட தென்னையில் இளநீர் வெட்டினால் உப்புக் கரிக்கிறது, முற்றவிட்டால் உள்ளே பருப்பே இல்லாத ஒல்லிக்காய். நாங்கள் இதற்கெல்லாம் பழகிவிட்டோம். குளிக்க ஒன்று, துணிக்கு ஒன்று, சமைக்க ஒன்று என்று தண்ணீரைப் பிரித்து வைத்துக்கொண்டு வாழத் தெரியும். ஒரு குழந்தை அதைப் பழகிக்கொண்டு வளர வேண்டுமா? தாகம் எடுத்தால் குழாயைத் திருகக் கூடாது என்பதைத்தான் அவளுக்கு முதல் பாடமாக நாம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

குட்டைக்கு இப்போதும் தினமும் போகிறேன். கருப்பு வெள்ளை மறுநாளே காணாமல் போய்விட்டது. அதற்கு மீன் வேண்டும், மீன் உள்ள பெரிய தண்ணீர் வேண்டும், இல்லாத இடத்தில் அது ஒரு வேளைகூட நிற்காது. சிறு மீன்கொத்தி கொஞ்ச நாள் அதே குச்சியில் உட்கார்ந்திருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு, ஒன்றும் இல்லாத தண்ணீரையே பார்த்துக்கொண்டு. பிறகு ஒரு காலையில் அதுவும் இல்லை. பறந்து போனதா, அந்த மீனைத் தின்றதால் எங்காவது விழுந்து கிடக்கிறதா, தெரியாது. நாணலுக்குள் தேடிப் பார்த்தேன். வெண்மார்பு மட்டும் இன்னும் கம்பியிலேயே இருக்கிறது. பேருக்குத்தான் மீன்கொத்தி. தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, காய்ந்த தரையில் ஓணானையும் வெட்டுக்கிளியையும் பிடித்துத் தின்கிறது. அதே சத்தத்தோடு கத்துகிறது. மூன்றும் ஒரே இனம்தான் தம்பி, ஆனால் மூன்றும் ஒன்று இல்லை என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்? நானும் உன் அம்மாவும் ஓணான் தின்னப் பழகிவிட்டவர்கள். எங்களுக்கு இந்தக் கம்பி போதும். உன்னையும் பாப்பாவையும் இங்கே வரவழைத்து அதையே தின்னச் சொல்ல என்னால் முடியாது.

வராதே. எழுதிவிட்டேன். இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன். இந்த ஆறு சரியாகும், அப்போது வா என்று சேர்த்து எழுதலாமா என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். என் காலத்தில் ஆகாது. உன் காலத்திலும் ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. மனையை விற்றுவிடு என்று சொல்ல மாட்டேன், யார் வாங்குவார்கள்? கிடக்கட்டும். அங்கே உனக்குக் குழாயில் வரும் தண்ணீர் எப்படியோ எனக்குத் தெரியாது. அதையும் ஒரு டம்ளரில் பிடித்து ஒரு ராத்திரி வைத்துப் பார். நன்றாக இருந்தால் அங்கேயே வேர் பிடித்துக்கொள். எங்களுக்காக வருத்தப்படாதே என்று எழுத மாட்டேன், வருத்தப்படு. நாங்களும் படுகிறோம்.

உன் அம்மாவுக்குத் தெரியாமல்தான் எழுதத் தொடங்கினேன். அவள் எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "லீவுக்காவது வரச் சொல்லி எழுது" என்றாள். எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னேன், இப்போது எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வா. மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. பத்து நாள் இருந்துவிட்டுப் போ. அந்தக் கொல்லைக் குழாயின் பிடியைக் கழற்றி வைத்துவிட்டேன், இனிமேல் பாப்பா திருக முடியாது. வாசலில் வந்து நிற்கும்போதே உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவேன். உன் அம்மா சொல்வதற்கு முன்னால், இந்தத் தடவை நானே சொல்லிவிடுகிறேன். கேன் தண்ணிதான் தம்பி, குடி.

இப்படிக்கு,
அப்பா